ஐந்து, நான்கு

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தன் வம்சாவளியை விசிறி வடிவத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். நடுவில் அவர் பெயர். அதைச் சுற்றி அப்பா அம்மா, அடுத்து தாத்தா பாட்டிகள், பிறகு அவர்களைப் பெற்றவர்கள் என்று வளையம் வளையமாக விரியும். அப்பாவழியில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துத் தேவாலயப் பதிவேடு வரை போய் நிற்கிறது. அம்மாவழியில் மூன்றாவது வளையத்திலேயே ஓட்டை விழ ஆரம்பித்து, ஐந்தாவதைத் தாண்டினால் வெறும் வெள்ளைத்தாள். அந்த வெள்ளைக்கு முந்தைய கட்டத்தில் "மேரி" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார். எந்த மேரி, யார் வீட்டு மேரி, ஒன்றும் இல்லை. ஒருநாள் காபி வாங்கப் போகும் வழியில் அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டேன். "பெண்கள் பக்கம் அப்படித்தான். அதிலும் கிராமத்துப் பெண்கள். ஆவணமே கிடையாது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் "கிடையாது" எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒரு பண்ணையில் நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தி, பிள்ளைகள் பெற்று, வெண்ணெய் கடைந்து விற்று, நிலம் கைமாறும்போது கையெழுத்தோ கீறலோ போட்டு, கடைசியில் அதே ஊர் மண்ணில் புதைக்கப்பட்ட ஒருத்தி எங்குமே பதிவாகாமல் போயிருக்க முடியுமா? பதிவாகியிருக்கிறாள், நாம் தேடுகிற பெயரில் பதிவாகவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

சந்தேகத்தைச் சோதிக்க, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கு வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் கேரோலைன் இங்கல்ஸைப் பிடித்தேன். அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் சிறுவர் நூல்களை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் அம்மா. அந்த நூல்களில் அவர் பெரும்பாலும் "மா"தான். கேரோலைன் என்ற பெயர் அப்பா கூப்பிடும்போது வரும். படித்து முடித்தபின் எனக்கு அது நினைவில் நிற்கவே இல்லை. நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: மகள் ஒரு வரிகூட எழுதவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். லாரா வெறும் ஒரு விவசாயியின் மனைவி. அப்படியானால் 1839-ல் பிறந்து 1924-ல் இறந்த இந்தப் பெண்ணைக் காகிதங்களில் மட்டும் தேடினால் என்ன கிடைக்கும்?

சாவிலிருந்து தொடங்கு

இந்தத் தேடலில் ஊறியவர்கள் சொல்லும் முதல் பாடம், பின்னாலிருந்து முன்னால் போ என்பது. பிறப்பைத் தேடாதே, இறப்பைத் தேடு. கேரோலைன் இறந்தது தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் ஊரில், 1924 ஏப்ரல் 20. அந்த மாநிலத்தில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது 1905-ல்தான் தொடங்கியது. எனவே பிறந்தபோது எந்த அரசாங்கமும் கண்டுகொள்ளாத ஒருவருக்கு, இறந்தபோது ஒரு சான்றிதழ் உண்டு. அந்தக் காலத்து இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் கேட்பார்கள். அதற்கடுத்து அம்மாவின் பெயர், அதுவும் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு. பெண்வழி தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு கட்டம்தான் பொக்கிஷம். சிக்கல் என்னவென்றால் அதை நிரப்புவது இறந்தவர் அல்ல. பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் மகனோ, மருமகளோ, சில சமயம் அண்டைவீட்டுக்காரரோ சொல்வதை எழுதுவார்கள். பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயர் அந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவு வந்தால் உண்டு. வராவிட்டால் "தெரியாது".

கேரோலைனின் அப்பா ஹென்றி குவைனர். அம்மா சார்லட் டக்கர், பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் பிறந்தவர். "டக்கர்" என்ற அந்த ஒரு சொல் கையில் கிடைத்துவிட்டால் அணை உடைந்த மாதிரி. மாசசூசெட்ஸ் ஊர்கள் பிறப்பையும் கல்யாணத்தையும் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதி வைத்திருக்கின்றன. கிடைக்காவிட்டால் சார்லட்டும் இன்னொரு "மேரி"தான், பெயரும் ஒரு கோடும்.

பெயரிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்காவில் பாலி என்று கூப்பிட்டால் ஆவணத்தில் மேரி. சாலி என்றால் சாரா. பெக்கி என்றால் மார்கரெட். பாட்ஸி என்றால் பெரும்பாலும் மார்த்தா. இது போதாதென்று பாலி என்றே ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கம் வேறு. ஒரே வீட்டில் இரண்டு மார்த்தா இருந்தால் எழுதியவரின் பிழை என்று ஒன்றை அடித்துவிடக் கூடாது. இரண்டு பேரும் இருந்திருக்கலாம், ஒருத்தி போனபின் இன்னொருத்தி.

பாதி எண்

சரி, சாவிலிருந்து பிறப்புக்குத் தாவுவோம். கேரோலைன் பிறந்தது 1839 டிசம்பர் 12, விஸ்கான்சினில் புரூக்ஃபீல்ட் என்ற இடத்தில். விஸ்கான்சின் அப்போது மாநிலம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் கழித்து 1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1850-க்கு முன்பு வரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாம் வயதுவாரியான கட்டங்களில் எண்ணிக்கை. ஐந்து வயதுக்குட்பட்ட வெள்ளைப் பெண் குழந்தைகள் இத்தனை, அவ்வளவுதான். அந்த வயதில் குவைனர் வீட்டில் இருந்தது கேரோலைனும் அவருடைய அக்கா மார்த்தாவும். ஆக அந்தக் கட்டத்தில் விழ வேண்டிய எண் 2. கேரோலைன் அதில் பாதி. (அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1850, 1860 தாள்களிலும் பெயர் எழுதவில்லை, உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் மட்டும். அதோடு ஒப்பிட்டால் இந்தப் பாதி எண்ணே பெரிய சலுகை.)

1845-ல் மிச்சிகன் ஏரியில் கப்பல் மூழ்கி ஹென்றி குவைனர் இறந்தார். கேரோலைனுக்கு ஆறு வயது நிறையவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1849-ல், சார்லட் ஃப்ரெடரிக் ஹோல்ப்ரூக் என்பவரை மணந்துகொண்டார். ஜெஃபர்சன் கவுண்டியில் கன்கார்ட் என்ற ஊர்ப்பக்கம் பண்ணை. அடுத்த ஆண்டே கணக்கெடுப்பு. இந்த முறை வீட்டில் உள்ள எல்லோருக்கும் பெயர் உண்டு, ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தி இல்லை. அது 1880-ல்தான் வந்தது. ஹோல்ப்ரூக் வீட்டில் ஏன் குவைனர் பிள்ளைகள் என்று தாளே கேள்வியை எழுப்பும், எழுதியவர் கவனமாக எழுதியிருந்தால். சோம்பேறியாக இருந்தால் முதல் வரியில் குடும்பப் பெயரை எழுதிவிட்டுக் கீழே முழுக்க "மேற்படி" குறி போட்டுக்கொண்டே போயிருப்பார். மாற்றாந்தந்தையின் பெயரில் ஒரு பிள்ளை இப்படிக் கரைந்துபோனால், சொந்த அப்பாவைப் பிற்பாடு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இங்கேதான் தேடுகிறவர்களின் இன்னொரு உபாயம் கைகொடுக்கிறது. ஆளை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைப் பார். கன்கார்டில் அவர்களுக்குப் பக்கத்துப் பண்ணை இங்கல்ஸ் குடும்பத்துடையது. கேரோலைனின் அண்ணன் ஹென்றி, அந்த வீட்டுப் பாலியை மணந்தார். கேரோலைன் 1860 பிப்ரவரி 1 அன்று சார்லஸை மணந்தார். தங்கை எலைஸா, சார்லஸின் அண்ணன் பீட்டரை மணந்தார். இரண்டு குடும்பம், மூன்று கல்யாணம். ஒன்றில் நூல் அறுந்தால் மற்ற இரண்டில் பிடித்துக்கொள்ளலாம். இன்னொரு அண்ணன் ஜோசஃப், 1862-ல் ஷைலோ சண்டையில் காயம்பட்டு இறந்தார். உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் மனைவியும் தாயும் ஓய்வூதியம் கேட்டு அனுப்பிய கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. கல்யாணத்துக்குச் சான்று காட்ட வேறு வழியில்லாத பெண்கள் குடும்ப பைபிளிலிருந்து பக்கத்தைக் கிழித்து அனுப்பினார்கள். பிரசவம் பார்த்தவள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலமெல்லாம் அதில் இருக்கிறது. கணவன் செத்து, அரசாங்கத்திடம் காசு கேட்டு நின்றபோதுதான் அந்தப் பெண்களிடம் யாரோ "உன் கதையைச் சொல்" என்று கேட்டிருக்கிறார்கள்.

நிலப் பத்திரமும் அப்படித்தான். கணவன் நிலத்தை விற்றால், விதவையாகும்போது மனைவிக்கு வர வேண்டிய மூன்றில் ஒரு பங்கை அவள் விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவார்கள். கணவனை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டேன், மிரட்டலுக்குப் பயந்து சம்மதிக்கவில்லை என்று அதிகாரி கீழே எழுதுவார். ஒரு சொத்தைத் தன்னுடையது என்று சொல்ல இடமில்லாதவளின் பெயர், அதை விடும் இடத்தில் மட்டும் தெளிவாக இருக்கும். டகோட்டாவில் இங்கல்ஸ் குடும்பம் 1880-ல் பதிந்து 1886-ல் உரிமை பெற்ற அரசு நிலம் சார்லஸ் பெயரில்தான் இருக்கிறது. 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான தனிப்பெண் விண்ணப்பிக்கலாம், விதவை விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழ்கிறவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 1870 கணக்கெடுப்பில் இப்படிப்பட்டவர்களின் தொழில் "வீட்டைக் கவனித்தல்". அவர்கள் கடைந்த வெண்ணெய் எத்தனை பவுண்டு என்பது அதே ஆண்டின் விவசாயத் தாளில் இருக்கும், பண்ணைக்காரர் பெயருக்கு நேராக.

நினைவும் தாளும்

மகளை எடுத்துவிட்டுத் தேடுவதில் நான் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. மகளின் நினைவைவிடத் தாள் சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. குடும்பம் கேன்சஸில் இருந்தபோது லாராவுக்கு இரண்டு மூன்று வயது. இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து நாற்பது மைல் என்று பின்னாளில் எழுதினார். 1870 கணக்கெடுப்பில் அவர்கள் மான்ட்கோமரி கவுண்டி ரட்லண்ட் டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள், ஊரிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று மைல். தங்கை கேரி அங்கேதான் 1870 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தாள் என்பதைக் குடும்ப பைபிள் சொல்கிறது. கதையில் அவள் கைக்குழந்தையாக வண்டியில் ஏறியே வருகிறாள்.

அதே தாளில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அந்த நிலம் ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது. குடியேறியவர்கள் சட்டப்படி அங்கே இருக்கவே கூடாது. ஆனால் "வரி கட்டாத இந்தியர்களை" எண்ண வேண்டாம் என்பது கணக்கெடுப்பின் விதி. ஆக நிலத்துக்கு உரியவள் தாளில் இல்லை, வந்து உட்கார்ந்தவள் இருக்கிறாள். கேரோலைனின் பெயர் எங்கெல்லாம் காணாமல் போகிறது என்று நான் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கத்தில் வாய் மூடிக்கொண்டது.

ஒன்று குறைகிறது

இனி நான் நின்றுபோன இடம். 1900 கணக்கெடுப்புத் தாளில் திருமணமான பெண்களுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது: எத்தனை பிள்ளைகளுக்குத் தாய்? அவர்களில் எத்தனை பேர் உயிரோடு? இரண்டு சின்னக் கட்டம், இரண்டு எண். வீட்டுத் தலைவரின் மனைவி, இன்னாரின் மகள் என்று எதுவும் இல்லாமல் அவளுடைய உடம்பை மட்டும் பற்றிய கேள்வி. 1890-லேயே கேட்டிருந்தார்கள். ஆனால் 1921-ல் வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீ அந்தத் தாள்களைத் தின்றுவிட்டது. நனைந்து கருகி மிஞ்சியதையும் 1930களில் அரசாங்கமே அழித்தது. 1900-லும் 1910-லும் கேட்டதுதான் நமக்குக் கிடைப்பது. 1920-ல் அந்தக் கேள்வி இல்லை.

ஒரு பக்கத்தைத் திறந்து அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 8, 6. 3, 3. 11, 5. பக்கத்து வீடு 1, 0. நான் படிக்கத் தொடங்கிய ராத்திரியில் பெயர்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கழித்தல் மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

கேரோலைனுக்கு அப்போது அறுபது வயது, டி ஸ்மெட்டில் வீடு. அந்தக் கேள்விக்கு அவருடைய உண்மையான பதில்: ஐந்து, நான்கு. மேரி, லாரா, கேரி, கிரேஸ் நான்கு பேரும் உயிரோடு. ஐந்தாவது? மகள் எழுதிய சிறுவர் நூல்களில் அந்த வீட்டில் நான்கு பெண்கள்தான். ஆனால் 1875 நவம்பர் 1 அன்று மின்னசோட்டாவின் வால்நட் குரோவில் ஒரு பையன் பிறந்தான். சார்லஸ் ஃப்ரெடரிக், ஃப்ரெடி. முதல் பெயர் அப்பாவுடையது. இரண்டாவது பெயரைப் பார்த்ததும் கன்கார்டின் ஃப்ரெடரிக் ஹோல்ப்ரூக் நினைவுக்கு வந்தார். மாற்றாந்தந்தை எப்படி நடத்தினார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். 1876 ஆகஸ்ட் 27 அன்று, அயோவாவுக்குப் போகும் வழியில், சவுத் டிராய் என்ற ஊர்ப்பக்கம் ஃப்ரெடி இறந்துபோனான். அவர்கள் அப்போது தங்கியிருந்தது பீட்டர், எலைஸா பண்ணையில். கேரோலைனின் சொந்தத் தங்கை வீடு. அந்தக் குழந்தையின் கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒன்பது மாதம், சில வாரம். இந்த ஆயுளை எடுத்துக் கணக்கெடுப்புகளின் மேல் வைத்துப் பார்த்தேன். 1870-க்கு வெகுநாள் பிந்திப் பிறந்து, 1880-க்கு வெகுநாள் முந்தி இறந்தான். மின்னசோட்டா 1875-ல் தனியாக ஒரு மாநிலக் கணக்கெடுப்பு நடத்தியது. அது முடிந்து சில மாதம் கழித்துத்தான் பிறந்தான். 1880-ல் இறந்தவர்களுக்கென்று தனித் தாள் உண்டு, ஆனால் அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் இறந்தவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள். எந்தச் சல்லடையிலும் சிக்காமல் எல்லா ஓட்டையிலும் விழுந்திருக்கிறான். மகளை எடுத்துவிட்டு, பைபிளையும் தொலைத்துவிட்டுத் தேடினால் ஃப்ரெடி இருந்ததற்கு மிஞ்சும் சான்று ஐந்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

லாரா அவனை மறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. 1930 வாக்கில் எழுதி, 2014-ல் மட்டுமே அச்சேறிய தன்வரலாற்றில் தம்பி வருகிறான். பிள்ளைகளுக்கான கதையில் விட்டுவிட்டார். எழுத்தாளராக அது சரியான முடிவுதான் என்பது என் கட்சி. ஆனால் எழுத்தாளருக்கு இருக்கிற அந்த வசதி அம்மாவுக்கு இல்லை. தெரியாத ஒரு ஆள் பெரிய தாளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, எத்தனை பிள்ளை என்று கேட்கிறான். இருபத்து நான்கு ஆண்டு கழித்து அந்த எண்ணை வாயால் சொல்ல வேண்டும்.

சொன்னது அவர்தானா என்பதும் தாளில் இல்லை. கணவர் சொல்லியிருக்கலாம், வீட்டிலிருந்த மகள் சொல்லியிருக்கலாம். பதில் சொன்னவர் யார் என்று குறி போட்டு வைக்கும் பழக்கம் 1940-ல்தான் வந்தது. இதை நான் நினைவில் வைத்துக்கொண்டேதான் அந்த வாசலைக் கற்பனை செய்கிறேன்.

கணவர் 1902-ல் போனார். கண் பார்வையில்லாத மூத்த மகள் மேரியோடு கேரோலைன் இன்னும் 22 ஆண்டு இருந்தார். அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1925-ல், லாரா தன் பெரியம்மா மார்த்தாவுக்கு, அந்த 1840 கட்டத்தின் இன்னொரு பாதிக்கு, கடிதம் எழுதி அம்மாவின் சிறுவயதுக் கதைகளைக் கேட்டார். மார்த்தா எழுதி அனுப்பினார். இரண்டு ஆண்டில் அவரும் இறந்தார். கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விட்டு, ஓர் ஆண்டு கழித்து ஞாபகம் வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கேரோலைனுக்கு இன்று வாரிசு ஒருவர்கூட இல்லை. மேரி, கேரி, கிரேஸ் மூவருக்கும் பிள்ளை இல்லை. லாராவின் ஒரே மகள் ரோஸ் 1968-ல் இறந்ததோடு அந்தக் கிளை முடிந்துவிட்டது. வம்சாவளி தேடுகிற பழக்கமே கீழே இருக்கும் பேரப்பிள்ளை மேலே பார்ப்பதுதான். மேலே பார்க்க ஆளில்லாத பெண்ணின் காகிதங்களை யார் திறப்பார்கள்? மகள் எழுதாமல் இருந்திருந்தால், ஆவணம் எல்லாம் அப்படியே இருந்தும், என் நண்பர் சொன்ன "கிடையாது" கணக்கில்தான் கேரோலைனும் சேர்ந்திருப்பார்.

இதையெல்லாம் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு மதியம் சொன்னேன். மேரியை உடனே பிடிக்க முடியாது, உங்கள் பாட்டியின் பாட்டி 1900-ல் உயிரோடு இருந்தாரே, அந்தத் தாளை முதலில் பாருங்கள் என்றேன். பார்த்திருக்கிறேன், பெயரும் வயதும் எடுத்துவிட்டேன் என்றார். அந்த வார ஞாயிறு இரவு கைபேசிக்கு ஒரு படம் வந்தது. பழுப்புத் தாளில் இரண்டு எண்: 9, 5. கீழே, "என் மரத்தில் ஆறு பேர்தான் இருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை வந்ததும் மீதி மூவரையும் சேர்த்தாயிற்றா என்று கேட்டேன். சேர்த்தாராம். பெயர் தெரியாததால் மூன்று பெட்டியிலும் "தெரியவில்லை" என்று போட்டாராம். இப்போது அந்த மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும், இந்த மூன்றும் ஒரே ஆள்போல் தெரிகிறது, ஒன்றாக இணைத்துவிடட்டுமா என்று கேட்கிறதாம். அவரும் ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்பதை அழுத்திக்கொண்டிருக்கிறார்.